சக்கர நாற்காலி இல்லாத பயணி

புறப்பட இன்னும் பத்து நிமிடம்தான். ஓட்டுநர் நடைமேடையில் நின்று திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியை ஏற்றும் லிஃப்ட் வைத்த புதுப் பேருந்து; அந்த லிஃப்டுக்கு இன்றுதான் முதல் முன்பதிவு. பணிமனையில் காலையிலேயே இரண்டு இருக்கைகளைக் கழற்றி, சக்கர நாற்காலிக்கு இடம் ஒழித்திருந்தார்கள். நாற்காலியைத்தான் காணோம்.

“லிஃப்ட் கேட்டவங்க யாருன்னு தெரியுமாம்மா?” என்று பக்கத்தில் நின்ற அம்மாளைக் கேட்டார்.

“நான்தான் தம்பி.”

ஓட்டுநர் அவர் காலைப் பார்த்தார். சாலையைக் கடந்து விறுவிறுவென்று நடந்து வந்தவர்.

“என் தையல்கடையிலேர்ந்து நடந்துதான் வந்தேன். சமதரையில எவ்வளவு தூரம்னாலும் நடப்பேன். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் காலை மேல தூக்க வரல. படிதான் ஆகாது.”

“அப்போ நாற்காலி?”

“அது எதுக்கு? உக்கார ஒரு சீட்டு போதும்.”

அந்தச் சீட்டுதான் பணிமனையில் கிடந்தது. மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது. ஓட்டுநருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. நடத்துநர் அவர் மனைவியின் தம்பி. “பந்தல் போட்டாச்சு மாமா, மாப்பிள்ளை உக்காரத்தான் இடமில்ல” என்று சொல்லித் தன் இருக்கையை விட்டுக்கொடுத்தார்.

நடுவழியில் டீக்கு நிறுத்தினார்கள். தையல்கார அம்மா லிஃப்டில் இறங்கி, எல்லோருக்கும் முன்னால் நடந்து போய்விட்டார். லிஃப்டை மடக்கப் போன ஓட்டுநரை ஒரு குரல் தடுத்தது. வாரந்தோறும் மகன் வீட்டுக்குப் போகும் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“நானும் இதுல இறங்கலாமா?”

“நீங்க இறங்கவே மாட்டீங்களே சார். தூங்குவீங்களே?”

“எங்க தூங்கினேன்ப்பா? ஒரு தடவை ஏறுறதுக்கே முழங்கால் கெஞ்சும். மறுபடி ஏறணுமேன்னு கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன்.”

ஓட்டுநர் லிஃப்டின் பொத்தானை அழுத்தினார். அதற்குள் ஒரு கர்ப்பிணி, காலில் கட்டுப்போட்ட கொத்தனார், இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். இவர்களையும் ஏற்றலாமா? யாரைக் கேட்பது? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் ஒவ்வொருவராக இறக்கினார், ஒவ்வொருவராக ஏற்றினார்.

கிளம்புவதற்குள் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகிவிட்டது. பணிமனை மேலாளர் போனில் கூப்பிட்டார். லிஃப்டால்தான் தாமதம் என்றார் ஓட்டுநர்.

“எத்தனை சக்கர நாற்காலி?”

“ஒண்ணும் வரல சார்.”

“பின்ன லிஃப்டை எதுக்கு இறக்கின?”

“ஆறு பேர் இறங்கி ஏறினாங்க சார்.”



“எனக்கு ஒண்ணும் புரியலப்பா.”

“எனக்கும்தான் சார்” என்று உள்ளதைச் சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.