கடைசி வீட்டுச் சுவர்

பட்டாபிராமன் சார் வீட்டுச் சுவரை உடைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் தெருச் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சுவரைக் கட்டிய இன்ஜினியரே நான்தான்.

விளாங்குடியில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், வடிய நாலு நாள் ஆகும். அதே தெருவில் சித்திரை மாதம் ஐந்நூறு அடி போர் போட்டாலும் காற்றுதான் வரும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நிற்போம். ஆறு மாதம் தண்ணீரைத் திட்டுவது, ஆறு மாதம் தண்ணீர் இல்லை என்று திட்டுவது, இதுதான் எங்கள் பிழைப்பு. போன ஐப்பசியில் ராமக்காள் அக்கா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அவருடைய தையல் மெஷின் இரண்டும் பாழாகிவிட்டன. தெருவிலேயே தாழ்ந்த வீடு அவருடையது. "இன்னொரு வாட்டி உள்ள வந்துச்சுன்னா வீட்ட வித்துட்டுப் போயிருவேன் தம்பி" என்று அழாத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சங்கத்தார் என்னிடம் வந்தார்கள்.

சாக்கடை போடச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து தெருவையே புதிதாக வரைந்தேன். கூரைத் தண்ணீர் எல்லாம் மூடிக்கிடக்கும் பழைய கிணற்றுக்குப் போகும். வாசலில் எல்லோரும் போட்டிருக்கும் சிமெண்ட் தளத்தைப் பெயர்த்து மண்ணாக விடுவோம். ஓரத்தில் புங்க மரம் வைப்போம். மிஞ்சும் தண்ணீர் தெருவின் சரிவிலேயே ஓடி, கடைசி வீட்டு வழியாகக் கண்மாய்க்குப் போய்விடும். தளம், மரம், கிணறு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். கடைசி வீட்டில், அதாவது பட்டாபிராமன் சார் வீட்டில், வந்து முட்டிக்கொண்டது.

அந்த வீடுதான் நான் கட்டிய முதல் வீடு. இரண்டாயிரத்து ஆறில் இந்த இடத்தில் தெருவே கிடையாது. நட்டு வைத்த கற்களும் கோரைப்புல்லும்தான். நானும் சோணைமுத்துவும் உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவோம். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதன்பின் நான் டிப்ளமோ படிக்கப் போனேன், அவன் கொத்தனார் வேலைக்குப் போனான். என்னை 'இன்ஜினியர் மாப்ள' என்றுதான் கூப்பிடுவான். பாதி மரியாதை, பாதி நக்கல்.

மனையின் தென்ஓரமாக ஒரு பழைய வாய்க்கால் போனது. வயல் இருந்த காலத்து வாய்க்கால். மத்தியானம் சோணைமுத்து அதன் கரையில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு தூக்குவாளியைத் திறப்பான். கருவாட்டுக் குழம்பு வாசம் அடித்ததும் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். எவ்வளவு மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் தரை தெரிந்துவிடும். மட்டம் பார்க்க என்னிடம் தண்ணீர் நிரப்பிய ட்யூப் இருந்தது. அவனுக்கு அது பத்தாது. ஒரு குடம் தண்ணீரைத் தரையில் சாய்த்து, அது போகிற திசையைக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்து பார்ப்பான். "தண்ணி பொய் சொல்லாது மாப்ள" என்பான். அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன். பெரிய சம்பாத்தியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு வேலை பார்த்ததே இல்லை.

சுற்றுச்சுவர் வந்தபோது சண்டையும் வந்தது. தெருப்பக்கம் முழுவதும் அடைத்துச் சுவர் வேண்டும், அதன் மேல் போர்டிகோ கூரை உட்கார வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். வாய்க்காலை மூடிக் கட்டச் சோணைமுத்துவிடம் சொன்னேன்.

"வேணாம் மாப்ள. தண்ணி வந்து நின்னு பாக்கும். வழி இல்லேன்னா வந்த வழியே திரும்பி வீட்டுக்குள்ள போகும்" என்றான்.

"பாசனமே இல்லாத எடத்துல வாய்க்கால் எதுக்குடா? வயக்காட்டுப் புத்திய விட்டுட்டு வேலையப் பாரு."

சொன்னது யார்? நான், சங்கிலி மகன். ஊரான் வயலில் மடை திறந்து மடை அடைத்தே முதுகு வளைந்துபோன சங்கிலியின் மகன். சார் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். கூலிக்காரன் மகனுக்கு வாய்க்காலைத் தவிர என்ன தெரியும் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் அப்படி நினைக்கிற மனிதரே இல்லை. அதெல்லாம் என் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

சோணைமுத்து கலவைச் சட்டியோடு வாய்க்கால் பக்கம் போனான். மாட்டுத்தாவணிப் பக்கம் வேறு வேலையாக நான் இரண்டு நாள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த ஓரத்து அடிச்சுவரைச் சித்தாள் கூட வைத்துக்கொள்ளாமல் தனியாகக் கட்டி, பூச்சும் முடித்திருந்தான். கரணையைக் கழுவிக்கொண்டு கிளம்பியவன் மறுநாள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. அவன் வரட்டும் என்று நான் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். போகவில்லை. வீம்புக்கு மருந்து ஏது?

அந்த வீட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தெருவே வேலை கொடுத்தது. "பட்டாபிராமன் சார் வீட்டவிட ஒரு அடி ஒசத்திக் கட்டுங்க" என்றார் அடுத்தவர். அவரைவிட ஒரு அடி கூடக் கேட்டார் அதற்கடுத்தவர். வீடுகள் உயர உயர ரோட்டையும் மேலே மேலே போட்டார்கள். எல்லோருக்கும் நான்தான் பிளான் போட்டேன். ராமக்காள் அக்காவால் மட்டும் உயர்த்த முடியவில்லை. மொத்தத் தெருவின் தண்ணீரும் அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது.

கூட்டம் முடிந்த மறுநாள் சார் வீட்டுக்குப் போனேன். எழுபத்தைந்து வயதிலும் போர்டிகோவில் ஈஸிசேர் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஜயம் மாமி காபி கொடுத்தார்.

"உடைச்சா போர்டிகோ மேலே விழாதுன்னு உன்னால எழுதிக் கொடுக்க முடியுமா முத்துக்குமரன்?" என்று சார் கேட்டார்.

முடியாது. அந்தக் கனமான கூரை அந்தச் சுவரின் மேல்தான் நிற்கிறது. அடியில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு, சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்.

"அங்க ஓடின வாய்க்கால் ஞாபகம் இருக்கா சார்? மூடினா தண்ணி நிக்கும்னு கொத்தனார் சொன்னான். அவனத் திட்டிட்டுத்தான் மூடினேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலை. இந்தத் தெருவுல நிக்கிற தண்ணியெல்லாம் என்னாலதான்."

சார் பேப்பரை மடித்து வைத்தார். என்னை நம்பி வீடு கட்டிய முதல் மனிதர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாமிதான் முதலில் பேசினார்.

"ராமக்காள் தைச்ச ரவிக்கையைத்தான் பதினஞ்சு வருஷமா நான் போட்டுண்டிருக்கேன். அவளைப் போகவிட்டுட்டு இந்தப் போர்டிகோவை வெச்சுண்டு என்ன பண்றது? என் நந்தியாவட்டையை வேணா பிடுங்கிக்கோ, வாய்க்காலை வெட்டு."

"ஒரு செங்கல் ஆடினாலும் நிறுத்திடணும்" என்றார் சார்.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தோம். போர்டிகோவுக்கு இரும்பு முட்டு கொடுத்தோம். தெருவே வேடிக்கை பார்க்க நின்றது. ரோட்டை உயர்த்தியதில் சுவரின் அடி இரண்டடி புதைந்திருந்ததால் தவசி முதலில் ராமக்காள் அக்கா வாசலிலிருந்து சுவர் வரை பள்ளம் தோண்டினான். தவசியும் உசிலம்பட்டிக் கொத்தனார்தான். உளியை வைத்துப் பூச்சைத் தட்டினான். ராமக்காள் அக்கா கையைக் கட்டிக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது தட்டலில் தவசி நிமிர்ந்தான்.

"அண்ணே, இங்க சிமெண்டே இல்லண்ணே. செங்கல் கையோட வருது."

பள்ளத்தில் இறங்கிப் பார்த்தேன். பூச்சுக்குப் பின்னால் சரியாக வாய்க்கால் அகலத்துக்குச் செங்கற்கள் வெறும் செம்மண்ணில் அடுக்கப்பட்டிருந்தன. மேலே சுவரின் கனத்துக்கு ஒரு முழுக் கருங்கல் குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் கல்லிலேயே தாங்கு. சுவரும் போர்டிகோவும் பத்தொன்பது வருடமாக அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. செங்கல்லை ஒவ்வொன்றாக நானே உருவினேன். கூரை ஒரு தூசி கூட உதிர்க்கவில்லை. பின்னாலும் கண்மாய்ப் பக்கத்துக் கம்பி வேலி வரைக்கும் அதே மட்டத்தில் மாமியின் நந்தியாவட்டைப் பாத்தியை வெட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ராமக்காள் அக்காவிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, அவர் வாசலிலேயே சாய்த்துவிட்டுக் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் சற்று யோசித்தது. பிறகு பள்ளத்தில் இறங்கி, கல்லுக்கு அடியில் நுழைந்து, கண்மாய்ப் பக்கம் போனது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தவசியிடம் சோணைமுத்துவின் நம்பரை வாங்கி அங்கேயே நின்று கூப்பிட்டேன்.

"யாரு?"

"நாந்தான். முத்துக்குமரன்."

அந்தப் பக்கம் கலவை மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"செவத்த ஒடச்சிட்டியா மாப்ள?"

"ஒடச்சிட்டேன்டா." ஈரமான பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா."

"அத விடு. தண்ணி போகுதா?"

"போகுது."

"ஒரு மழை, மிஞ்சுனா ரெண்டு மழை, நீயே என்னைத் தேடி வருவன்னு நெனச்சேன். அதான் மண்ணுலயே அடைச்சு வச்சேன்" என்றான் சோணைமுத்து. "பத்தொம்பது வருசம் எடுத்துக்கிட்டியேடா."