கல்லில் போட்ட கோடு

சுடர்விழிக்கு ஒரத்தநாடு, பரிதிக்கு வலங்கைமான். கல்லே தட்டுப்படாத வண்டலில் வளர்ந்த இருவரும் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் பாறைகளை ஆராய்ந்தார்கள். ஆறு வருடப் பழக்கத்தில் அவள் அவனைச் சந்தேகித்ததே இல்லை.

தர்மபுரிப் பக்கம் நிலத்தில் சுவர்போல் நிற்கும் கரும்பாறை அவளுடைய ஆய்வு. பூமியின் விரிசலுக்குள் எப்போதோ பாய்ந்து உறைந்த பாறைக்குழம்பு அது. குழம்பு ஓடிய திசையை அதிலுள்ள காந்தத் துகள்கள் இன்னும் காட்டும். பக்கவாட்டில் துளைபோட்டு, உருளையாகக் கல்லை எடுத்துக் கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். உருளையைப் பிடுங்குமுன், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கோடு போடுவது கட்டாயம்.

பாதி வேலையில் அவள் அப்பா வீரையன் டெங்குவில் படுத்தார்.

"நீ போய் அப்பாவைப் பாரு. மிச்சத்தை நான் எடுத்துட்டு வந்துடறேன்" என்றான் பரிதி.

அவள் எடுத்த கற்கள் எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அவன் கொண்டுவந்தவை சொல்லின: குழம்பு கீழிருந்து எழவில்லை, தொலைவிலிருந்து பக்கவாட்டில் ஓடிவந்திருக்கிறது. அவள் வெகுநாளாக நம்பியதும் அதுதான். இருவர் பெயரிலும் கட்டுரை ஏற்கப்பட்டது.

அச்சாகுமுன் துளைகளைப் படமெடுக்க அவள் மட்டும் போனாள். எது எந்தத் துளை என்று பார்க்க, மிஞ்சிய உருளைத் துண்டுகளைக் கொண்டுபோயிருந்தாள். பரிதி எடுத்ததில் ஒன்றைச் செருகினாள். ஒடிந்த முனை பாறையோடு ஒரே வாகில்தான் பொருந்தியது. பொருந்தியபோது, மேலே இருக்க வேண்டிய கோடு பக்கவாட்டில் கிடந்தது. அடுத்ததிலும் அப்படியே. வெயிலிலேயே உட்கார்ந்து மிச்சத்தையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தாள்.

மறுநாள் வலங்கைமானில் பரிதியின் வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அம்மா அம்சவல்லி, "வாம்மா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். சுடர்விழி அவனை வரப்போரம் அழைத்துப்போனாள்.

"அங்க கோடே போடலையா நீ?"

அவன் வயலையே பார்த்தான். "மழை பிடிச்சிக்கிச்சு. அவசரத்துல எடுத்துட்டேன். லேப்ல வந்துதான் போட்டேன்."

"அப்புறம் எல்லாக் கல்லுலயும் ஓட்டம் எப்படிப் பக்கவாட்டுல வந்துச்சு?"

"கருவியில திருப்பித் திருப்பிப் பார்த்து, அப்படி வர்ற மாதிரி கோடு போட்டேன். உனக்கு அதுதானே வேணும், சுடர்?"

இத்தனை வருடம் டீக்கடையில் அவனிடம் சொன்ன ஆசையையெல்லாம் எடுத்துத்தான் இந்தப் பொய்யைச் செய்திருக்கிறான்.

"யாரு போய்த் துளையில செருகிப் பார்க்கப்போறாங்க?" என்றான்.

"நான் பார்த்தேன்."

சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

கட்டுரையை அவளே திரும்பப் பெற்றாள். கல்லூரியில் தனக்கு இளைய ஆய்வு மாணவி ஹாஃபிஸாவோடு போய் மறுபடி துளைபோட்டாள். "நான் கோடு போடறேன்க்கா" என்று அந்தப் பெண் கேட்டபோது பேனாவைக் கொடுக்க மனம் வரவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்தும் சுடர்விழி கொடுக்கவில்லை.

குழம்பு கீழிருந்து நேராக மேலே வந்திருந்தது. மற்றவர்கள் முன்பே சொன்னதுதான். அதையே எழுதி, தன் பெயரோடு ஹாஃபிஸாவின் பெயரையும் போட்டு அனுப்பினாள். பரிதி பலமுறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை.