வெளிச்சுவரில் ஒரு விளக்குமாடம்

குடை நுனியால் அந்த சீலிங் அட்டையைத் தூக்கிப் பார்க்கும் வரைக்கும் எல்லாம் என் கைக்குள்தான் இருந்தது. மலைமேல் வாழவந்தி போகிற ரோட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கினால் அந்த வீடு. புரோக்கர் வசந்த் செல்போனில் போட்டிருந்த விளம்பரத்தில் அதற்குப் பேர் 'ஹில் வியூ காட்டேஜ், தனி வீடு, ஐந்து சென்ட், நாற்பத்திரண்டு லட்சம்'. என் மனைவி ஆஷ்லின் படத்தைப் பார்த்த அன்றைக்கே மனசுக்குள் குடியேறிவிட்டாள். நான் சேலத்தில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகக் கட்டடங்களைப் பார்த்து மதிப்புப் போடுகிறவன். எங்கள் ஃபாரத்தில் 'கட்டட வகை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதுகிற ஒரு சொல்லில்தான் பாதி விலை இருக்கிறது. அதே நாலு சுவர், அதே ஓடு, காட்டேஜ் என்று எழுதினால் ஒரு விலை, ஓட்டு வீடு என்று எழுதினால் வேறு விலை. வழியில் ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போதே அவளிடம் சொல்லி வைத்தேன், பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாதே, அந்தக் காட்டேஜ் என்கிற பேரை நான் பிடுங்கிவிட்டால் ஏழு லட்சம் தன்னால் இறங்கும் என்று. பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

வண்டியை விட்டு இறங்கியதுமே தெரிந்துவிட்டது. முன்னால் புது சிமெண்ட் வராந்தா, தொட்டிகளில் ஜெரேனியம், பச்சைப் பெயிண்ட் அடித்த கம்பி கேட் என்று என்ன ஜோடனை செய்திருந்தாலும், ஒரு கதவு ஒரு சன்னல், ஒரு கதவு ஒரு சன்னல் என்கிற அந்த வரிசையை மறைக்க முடியவில்லை. அது லைன் வீடு. எஸ்டேட்டில் கூலிக்காரக் குடும்பங்களை வரிசையாக அடைத்து வைக்கக் கட்டுவது. ஐந்து வீட்டு வரிசையில் மூன்று இடிந்துபோய், மிச்சம் நின்ற இரண்டை நடுவில் கதவு வைத்து ஒன்றாக்கியிருந்தார்கள். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது, முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்த இன்பமேரிக்கும் அவள் புருஷனுக்கும் சேரவேண்டிய பணத்துக்குப் பதிலாக எழுதிக் கொடுத்ததாம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். எழுபது வயசில் சரிவு ஏற முடியவில்லை, சேலத்தில் மகள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு வாங்கிப் போய்விடலாம் என்று விற்கிறாள். இதையெல்லாம் அவளே சொல்லி, கேட்காமலே காப்பியும் கொண்டுவந்து வைத்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், இதே மாதிரி ஒரு லைனில், எட்டாம் நம்பர் வீட்டில் பிறந்தவன். ஆஷ்லினுக்கு இது தெரியாது. அவள் ஹெட்மாஸ்டர் மகள். சம்பந்தம் பேசினபோது என் பயோடேட்டாவில் அப்பா கணக்கெழுதுகிற 'எஸ்டேட் ரைட்டர்' என்றும், வீடு 'எஸ்டேட் குவார்ட்டர்ஸ்' என்றும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார்கள், லைனையும் இடித்துவிட்டார்கள், கேட்க யார் இருக்கிறார்கள்? ஆக, வகையை மாற்றி எழுதி நான் முதன்முதலில் விற்ற சரக்கு நான்தான். இருபத்திரண்டு வருஷம் அது அப்படியே ஓடிவிட்டது.

வசந்த் 'தனி வீடு' பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினான். நாலு பக்கமும் சுற்றி வரலாம், ஒட்டுச் சுவர் கிடையாது என்றான். நான் அவனையும் இரண்டு பெண்களையும் வீட்டின் கிழக்குப் பக்கம் கூட்டிப்போய், வெளிச்சுவரில் சிமெண்ட் பூசி அடைத்திருந்த ஒரு முக்கோணத் தடத்தை விரலால் தடவிக் காட்டினேன். விளக்குமாடம். வெளிச்சுவரில் எவன் விளக்குமாடம் வைப்பான், இது அடுத்த வீட்டு உள்சுவர், அந்த வீடு விழுந்ததால் இது தனி வீடு ஆகிவிட்டது என்றேன். வசந்த் அசடு வழிந்தான். நான் ருசி கண்டுவிட்டேன். வாசலுக்கு வந்து நிலைக்கு மேலே பெயிண்டைச் சாவியால் சுரண்டினேன், உள்ளே கறுப்பில் பழைய நம்பர் தெரிந்தது, நாலு. உள்ளே போய் இரண்டு அறைக்கும் நடுச்சுவரைத் தட்டி, இது ஓடு வரைக்கும் போகாது என்றேன். இல்லீங்க சார் என்று வசந்த் இழுத்தான். அப்போதுதான் குடையை எடுத்தேன்.

அட்டை நகர்ந்ததும் கரி பிடித்த சாக்குத் துண்டு ஒன்று பொத்தென்று ஆஷ்லின் தோளில் விழுந்தது. அவள் புடவையெல்லாம் புகைக்கரி. நான் நிறுத்தினேனா? இல்லை. அந்தச் சாக்கு எதற்கு என்று பாடம் எடுத்தேன். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்து வழியாக அடுத்த வீட்டுப் புகை வரும், புகையைவிடப் பேச்சு வரும், புருஷன் பெண்டாட்டி சண்டை, குடித்துவிட்டு அழுவது எல்லாம் வரும், அதற்காகப் பெண்கள் ராத்திரியானால் சாக்கைச் சுருட்டி இதில் திணிப்பார்கள், இதைப் போய் காட்டேஜ் என்று நாற்பத்திரண்டு கேட்கிறீர்களே, வாய் கூசவில்லையா என்றேன். வாய் கூசியிருக்க வேண்டியது எனக்கு.

இன்பமேரி ஆஷ்லினின் தோளிலிருந்து சாக்கை எடுத்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, தன் முந்தானையால் அவள் தோளைத் துடைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் துளி கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"ஏனுங்க சாமி, நீங்க எந்த எஸ்டேட்டு லைனுங்க?"

அப்பா ரைட்டர், குவார்ட்டர்ஸில்தான் இருந்தோம் என்று சொன்னேன். அத்தனை தடவை சொல்லிப் பழகிய பொய், அன்றைக்கு நாக்கில் உருளவில்லை. ஆஷ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரைட்டரு குவார்ட்டர்ஸ்ல செவுரு ஓடு வரைக்கும் இருக்குமுங்களே," என்றாள் இன்பமேரி, நிதானமாக. "சாக்கு அடைக்கிறதெல்லாம் லைன்ல இருந்தவங்களுக்குத்தானுங்க தெரியும்."

சுவரில் தொங்கின மாதா காலண்டரைப் பார்த்தேன், காப்பித் தம்ளரைப் பார்த்தேன். பார்க்க இடமே இல்லாமல் போய்விட்டது. அந்தக் கிழவி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று ஆத்திரம் வந்தது. அவள் என்ன செய்தாள் பாவம்? நான்தான் விளக்குமாடத்திலிருந்து சாக்கு வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடை பரப்பியவன். வெறும் சேலத்துக்காரனாக வந்திருந்தால் ஓடு பழசு, ரோடு மோசம் என்று சொல்லி இரண்டு லட்சம் குறைத்துக்கொண்டு போயிருப்பேன்.

"நம்ம சனம்னு மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன பேச்சே வேண்டாமுங்க சாமி," என்றாள். "எவனோ பெங்களூர்க்காரன் வாங்கி இடிச்சுப்போடுவான்னு நொம்ப வெசனமா இருந்துச்சு. லைன்ல பொறந்த புள்ளையே வாங்க வந்திருக்குது. முப்பத்தஞ்சுக்கே எடுத்துக்கங்க."

ஏழு லட்சம். நான் பிடுங்க வந்த அதே ஏழு. அதை அவள் கையில் எடுத்து நீட்டுகிறாள். வாங்கினால் ஆமாம் நான் லைனில் பிறந்தவன்தான் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். வேண்டாம் என்றால் இத்தனை பேசியது எதற்கு? வசந்த் வாயைப் பிளந்து நின்றவன், மகள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா என்று முனகிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

ஆஷ்லின்தான் அசைந்தாள். சமையல் ரூமைப் பார்க்கலாமா அம்மா என்று இன்பமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போனாள். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆஷ்லினின் குரல், எனக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்த்தின குரல், சுவருக்கு மேலே ஏறி, நான் திறந்துவிட்ட சந்து வழியாகத் தெளிவாக இந்தப் பக்கம் இறங்கியது.

"அவங்க அம்மாவும் பழம் பறிக்கத்தான் போயிருப்பாங்களா?"

"பின்ன என்னங்க கண்ணு? எல்லாருந்தான். கையெல்லாம் கறையேறிப் போயிருமுங்க, எந்தச் சோப்பு போட்டாலும் போவாது. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனா ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டுத்தான் உக்காருவோம்."

அம்மாவும் அப்படித்தான் உட்காருவாள். குளிருகிறது போல என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்கொண்டு கேட்க என்னால் ஆகவில்லை. சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. அம்மா சுருட்டுகிற மாதிரியே இறுக்கிச் சுருட்டினேன், கை மறக்கவில்லை. அந்தப் பக்கம் சமையல் ரூமுக்கு சீலிங் அட்டை போடவில்லை, சந்துக்கு நேராக முகம் போனதும் கண் தானாக உள்ளே போய்விட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஷ்லின் கரி படிந்த புடவையோடு, இன்பமேரியின் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்து, மல்லாத்தித் திருப்பி, ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.