திரையிலிருந்து இறங்கிய நால்வர்

கல்லூரியில் மரபியல் நடத்திய ஆசிரியைக்கு முதல் பிரசவம் ஆவதற்கு முன்பே, கணினித் திரையிலிருந்து நான்கு பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வயது இருக்கும். இறங்கியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பசிக்கிறது என்றார்கள்.

எல்லாம் அவள் நாத்தனாரும் தம்பியும் போட்ட சண்டையால் வந்தது. ஆசிரியை சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பிறக்கப்போகும் பிள்ளைக்கும் விழுந்தே தீரும் என்று அவள் தம்பி சாதித்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவனோ வெயிலில் இறங்கினாலே தும்முவான். அவன் அக்காவும் அப்படித்தான். தங்கள் வீட்டு ரத்தம் தும்மாமல் பிறக்காது என்று நாத்தனார் அடித்துச் சொன்னாள். தினமும் சாப்பாட்டு மேசையில் இதே பாட்டு. பொறுக்கமாட்டாமல் ஆசிரியை ஒருநாள் கல்லூரிக் கணினியில், மாணவர்கள் பட்டாணிச் செடிகளை இணைத்துப் பார்க்கும் மெய்நிகர் ஆய்வகத்தைத் திறந்து, பூவின் நிறம் கேட்ட இடத்தில் குழியையும் விதையின் வடிவம் கேட்ட இடத்தில் தும்மலையும் போட்டாள். குழி அவளுக்கு அம்மா வழியில் மட்டும் வந்தது, தும்மல் அவனுக்கு அப்பா வழியில் மட்டும் வந்தது. ஆகவே பிள்ளைக்கு இரண்டும் வரலாம், ஏதாவது ஒன்று வரலாம், எதுவுமே வராமலும் போகலாம்; நான்குக்கும் சம வாய்ப்பு. கணினியும் அதையேதான் சொன்னது. பட்டாணியாக இருந்தால் திரைக்குள்ளேயே கிடந்திருக்கும். பிள்ளைகள் கிடக்கவில்லை.

வீட்டுக்கு அழைத்துப் போன பேருந்தில் நடத்துனர் நால்வரையும் ஒரே இருக்கையில் நெருக்கி உட்காரச் சொன்னார். வீட்டில் தும்மல்காரனை நாத்தனார் தூக்கிக்கொண்டாள், குழிக்காரியைத் தம்பி தோளில் ஏற்றிக்கொண்டான். இரண்டும் உள்ள பையனை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊட்டியதில் அவன் ஒரே மாதத்தில் உருண்டு திரண்டான். எதுவும் இல்லாத நான்காவது பெண்ணை யாரும் கேட்கவில்லை. ‘இது யாரு?’ என்று அக்கம்பக்கத்தார் விசாரித்தால் ‘அது சும்மா’ என்பார்கள். அதுவே அவள் பெயராகிவிட்டது. சும்மா தன் தலையைத் தானே வாரிக்கொள்வாள், வகிடு கோணலாக வரும். ஒரு சாயங்காலம் ஆசிரியையின் வயிற்றில் காதை வைத்து, “உள்ள இருக்கிறது எங்கள்ல யாரும்மா?” என்று கேட்டாள். ஆசிரியை அவள் வகிட்டை நேராக்கிவிட்டாள்.

அந்த வருடம் கல்லூரியில் மென்பொருளை மாற்றினார்கள். கணினிப் பிரிவுக்காரர் குடும்பத்தையே வரவழைத்து, பழைய முடிவுகள் அழிந்துவிடும் என்றார். “ஒண்ணை மட்டும் சேமிக்கலாம் மேடம். எது வேணும்னு சொல்லுங்க.”

அதுவரை வாய் ஓயாத நாத்தனாரும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சும்மா, கூப்பிடாமலேயே ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். அதைப் பார்த்ததும் நாத்தனார் பாய்ந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “பொத்தான்ல கை வச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!” என்றாள். தம்பி விசைப்பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைசியில் அந்தக் கணினியை அணைக்காமலேயே, மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் மின்கலப் பெட்டியோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பிறகு, மின்சாரம் தடைபட்டுவிடுமோ என்ற பயத்தில் அந்த வீட்டில் இஸ்திரிப்பெட்டி போடவில்லை, மிக்ஸி ஓடவில்லை. தம்பி கசங்கிய சட்டையோடே வேலைக்குப் போய்வந்தான். மேலதிகாரி கூப்பிட்டுக் கண்டித்தும் அசையவில்லை.

ஆசிரியைக்கு வலி எடுத்த மத்தியானம் ஊர் முழுக்க மின்சாரம் போனது. மருத்துவமனைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மின்கலத்தை யாரும் நினைக்கவில்லை. பாதி வழியில்தான் கணவனுக்கு உறைத்தது. அவன் வண்டியிலிருந்து குதித்து, தும்மிக்கொண்டே வெயிலில் ஓடி வீட்டுக்கு வந்தான். திரை இருட்டாகிக் கிடந்தது. வாசலில் நால்வரும் பந்து யாருடையது என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். சும்மாதான் அதிகமாக அடித்தாள். அவன் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். பிறகு நால்வருக்கும் முகம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். குழந்தை பிறந்திருந்தது. நால்வரும் தொட்டிலை எட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள்.

“எங்கள்ல யாரும் இல்லம்மா,” என்றாள் சும்மா. “இது வேற ஆளு.”

“அதுக்கென்ன, இருக்கட்டும்,” என்றாள் நாத்தனார். வீட்டில் கட்டில்களை எப்படித் தள்ளிப்போட்டால் ஐந்து பேருக்கும் இடம் வரும் என்று அவளும் தம்பியும் அங்கேயே சண்டையை ஆரம்பித்தார்கள்.