இரண்டாவது டேங்க்

1

வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்கப் போய், வெல்டிங் பட்டறையில் காத்திருந்தபோது காதில் விழுந்த பேச்சுதான் இந்தக் கதை. சொந்த லாரி ஓட்டும் ஒருவன், அவன் மனைவி, பட்டறைக்காரனான அவன் மச்சினன். லாரிக்கு இன்னொரு டீசல் டேங்க் வைக்கலாமா என்று பேச்சு.

"வெச்சா வழியில எங்கயும் நிக்க வேண்டாம் மாமா. ஆனா அந்த எடைக்கு லோடு குறையும்," என்றான் மச்சினன்.

"குறைஞ்சா குறையட்டும். சீக்கிரம் வீடு வந்து சேருவீங்கல்ல," என்றாள் அவள்.

அவன் குனிந்து, இருக்கிற டேங்கையே தடவிக்கொண்டிருந்தான்.

நான் பார்த்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் கற்பனை. (முதலில் 'பாதி கற்பனை' என்று எழுதி, அடித்துவிட்டேன்.)

2

ஏன் தயங்குகிறான்? 'அவன் சரியான கருமி, ஆகவே' என்று தொடங்கினேன். ஒட்டவில்லை. கருமி வாய் ஓயாமல் வாதாடியிருப்பான்.

அவனுக்கு ஓர் அண்ணனைக் கொடுத்தேன். கதை நகர்ந்தது.

அந்த லாரியை இருவரும் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அண்ணனுக்குப் பார்வை மங்கியது, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கிடங்கு வாசலில், சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஆள் கண்ணில் படாமல், அவன்மேல் வண்டியை ஏற்ற இருந்தார். இவன் எல்லோர் முன்னாலும் சாவியைப் பிடுங்கினான். "இனிமே நீ ஸ்டியரிங்கைத் தொடாதே."

அண்ணன் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்துகொண்டார். வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் இவன் லாரி நுழைந்தால் மட்டும் வேறு யாரையும் விடாமல் அவரே வருவார்.

"ஃபுல்லா?"

"ஃபுல்."

அதற்குமேல் பேச்சில்லை.

(மனைவிக்கு இது தெரியுமா? தெரியும் என்றால் கல்நெஞ்சக்காரி ஆகிறாள். தெரியாது என்றால் அப்பாவி. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. "அவரைப் பாத்துட்டு வந்தா உங்களுக்குச் சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்று அவளைச் சொல்ல வைத்தேன். இப்போது அவள் பக்கமும் நியாயம் சேர்ந்து, எனக்குக் குழப்பம்தான் கூடியது.)

3

அடுத்த நடையில் அவன் அண்ணனிடமே கேட்டான்.

"இன்னொரு டேங்க் வைக்கச் சொல்றாங்க."

அண்ணன் குழாயைச் செருகினார். "வை. நல்லதுதான்."

"வெச்சா இங்க நிக்க வேண்டியிருக்காது."

"அதுக்குத்தானே வைக்கிறது." குழாயைப் பிடித்தபடியே சொன்னார்: "வலது பக்கம் வேணாம். அந்தப் பக்கம் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கு. வளைவுல இழுக்கும்."

சாவியைப் பிடுங்கியபின் அவர் இத்தனை சொற்கள் பேசியதில்லை. 'போய்த் தொலை' என்கிறாரா, 'பத்திரமாகப் போ' என்கிறாரா? அவனுக்கு விளங்கவில்லை. அந்த யோசனையிலேயே கார்டை நீட்டினான்; பில்லைப் பார்க்காமல் பையில் திணித்தான்; வண்டியை எடுத்தான்.

ஊர் எல்லை தாண்டியதும்தான் டீசல் முள்ளைப் பார்த்தான். டேங்க் பாதிதான் நிறைந்திருந்தது. வீடு போய்ச் சேர அது காணாது.

ஓரம் கட்டினான்.

4

பங்க் மீட்டரில் எண் தெரியாமல் அண்ணன் நிறுத்திவிட்டாரா? வேண்டுமென்றே நிறுத்தினாரா?

கண்தான் காரணம் என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அதில் அவன் லாரியிலேயே உட்கார்ந்து அழுதான். வேண்டுமென்றுதான் என்று இன்னொன்று எழுதினேன். அதிலும் அழுதான். மூன்றாவதில் மனைவிக்கு ஃபோன் செய்து, 'வரத் தாமதமாகும்' என்று—

வேண்டாம். இண்டிகேட்டர் போட்டிருக்கிறான், பங்க் பக்கமா வீட்டுப் பக்கமா என்று நான் பார்க்கவில்லை. நீங்கள் பின்னால் வருகிறவர் என்றால், கொஞ்சம் வழி விடுங்கள்.