மூத்தது எது?

முகாமில் பால்மாவு டின் கொடுப்பது என் வேலை. போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்களில், அட்டை உள்ள தாய் குழந்தையை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு டின். கணக்கெடுப்பு முடிந்தபின் வந்தவர்களுக்கு அட்டை கிடையாது, டின்னும் கிடையாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தோதான ஆள் என்று என்னைப் போட்டிருந்தார்கள். சந்தேகம் என் கூடப்பிறந்தது. வீட்டில் டீயில் சர்க்கரை கூடினாலே, இன்றைக்கு என்ன செலவு வைக்கப்போகிறாளோ என்றுதான் நினைப்பேன்.

சிவப்புச் சால்வைக்காரி முதல் வாரம் ஒரு குழந்தையோடு வந்தாள். அடுத்த வாரம் தோளுக்கொன்றாக இரண்டு.

"இது எங்கேருந்து முளைச்சுது?"

"ரெட்டைங்கண்ணே. போன தடவை இதுக்குக் காய்ச்சல். கூடாரத்துலயே விட்டுட்டு வந்தேன்."

ஒன்று என் பேனாவைப் பிடுங்கிக் கடித்தது. மற்றதற்குக் கழுத்தே நிற்கவில்லை. ரெட்டையாம்! மூன்று பெற்றவனிடமா?

"மூத்தது எது?"

"பச்சைக் குல்லாய்ண்ணே." பேனாவைக் கடித்த பெரிசு அது.

மனசே இல்லாமல் இரண்டு டின் கொடுத்தேன். அடுத்த வாரமும் கேட்டேன். "பச்சைக் குல்லாய்தாண்ணே," என்றாள், குழந்தைகளைப் பார்க்காமலே. பச்சைக் குல்லாய் அன்றைக்குச் சின்னதின் தலையில் இருந்தது.

அகப்பட்டாள்! வாடகைக் குழந்தை, டின்னைக் கடையில் விற்கிறாள். மேற்பார்வையாளர் காதில் ஓதினேன்.

"நானே வரேன்யா. பொய்னா அட்டையப் பிடுங்கிடலாம்."

சொன்னபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது சின்னது வீறிட்டது. எதிரே தண்ணீர்க் குழாயடியில் ஒரு பெண்ணின் கையிலிருந்து கேன் நழுவியது. இந்தப் பக்கம் ஓரடி வைத்தவள், சட்டென்று நின்று, குனிந்து கேனை எடுத்தாள். கேன் விழுந்த சத்தத்துக்கு வரிசையே திரும்பிப் பார்த்தது, சிவப்புச் சால்வைக்காரியைத் தவிர. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே முகவெட்டு.

அட்டையில்லாத தங்கச்சி! சின்னது அவள் பெற்றது. மூட்டிவிட்ட மகராசன் நானல்லவா!

"மூத்தது எதும்மா?" என்றார் மேற்பார்வையாளர்.

அன்றைக்கென்று இரண்டு தலையிலும் குல்லாய் இல்லை. அவள் இரண்டு தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரிசுதான் சார்," என்று நான் முந்திக்கொண்டேன். "ரெட்டையில ஒண்ணு நோஞ்சானாத்தான் நிக்கும். என் மச்சினி பெத்ததும் அப்படித்தான்." எனக்கு மச்சினியே கிடையாது.

"வாடகைக் குழந்தைன்னு நீதானேய்யா சொன்னே?"

"நான் யாரைத்தான் சார் நம்பினேன்? போன மாசம் உங்களையே..."

முறைத்துவிட்டு எழுந்து போனார். போகிறபோது குழாயடிப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

டின் இரண்டையும் அவள் பக்கம் தள்ளினேன். "யாரு கேட்டாலும் பெரிசுதான் மூத்தது. குல்லாய நம்பாதே. அழுதாத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிவை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இரண்டு டின்னையும் அங்கேயே திறந்து, உள்ளே மாவுதான் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.