நாற்பத்தொன்றாவது வழக்கு

போலீஸ் ஸ்டேஷன் எதிரில் மேசை போட்டு மனு எழுதுகிறேன். பெயர் ஜாபர். எழுதும் ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் எடுத்துத் தேதி வாரியாகக் கட்டி வைப்பேன்.

சேலம் மாநகரில் வழிப்பறியைக் குறைக்க அந்த ஆண்டு அரசு இலக்கு வைத்திருந்தது. எங்கள் ஸ்டேஷனுக்கு நாற்பது வழக்கு. அதைத் தாண்டாவிட்டால் தெருக்களில் கேமரா வைக்க நிதி வரும். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி நாற்பதில் நின்றிருந்தோம்.

அன்று காலை கந்தம்மாள் வந்தார். தறி வேலைக்கு நடந்து போகையில் பைக்கில் வந்த ஒருவன் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஏட்டு மாரியப்பன் என் பக்கம் குனிந்தார். "பஸ்ஸுல தொலைஞ்சதுன்னு எழுதுங்க பாய். இன்னும் மூணு நாள்தான். கேமரா வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே."

எழுதிப் படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, நான் பஸ்ஸே ஏறலீங்களே," என்றார் கந்தம்மாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் சௌமியா காதில் அது விழுந்துவிட்டது. மனுவை வாங்கிப் படித்தார். கந்தம்மாளின் கழுத்தில் சிவந்திருந்த கோட்டைப் பார்த்தார்.

"பஸ்ஸு கழுத்தைக் கீறுமா ஏட்டய்யா?"

"நாப்பத்தொண்ணு ஆயிருங்க மேடம். கேமரா போயிரும்."

"போகட்டும். நடந்ததையே மறைச்சுட்டு கேமராவுல எதைப் பாக்கறது?" என் பக்கம் திரும்பினார். "இப்படி இன்னும் எத்தனை எழுதுனீங்க பாய்?"

"இந்த மாசம் ரெண்டுங்க."

"நகல் இருக்குமே."

கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன். திட்டுவார் என்று நின்றேன். அவரோ என் மேசையிலேயே உட்கார்ந்து, அந்த இரண்டு பெண்களுக்கும் தாமே போன் செய்து வரவழைத்தார். மூன்று வழக்கும் பதிவாயின. ஆண்டு நாற்பத்து மூன்றில் முடிந்தது. நிதி கை நழுவியது.

நடந்தபடி திருத்தி எழுதிய மூன்று மனுக்களையும் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது: ஒரே தெரு, காலை ஷிப்ட்டுக்குப் போகும் அதே நேரம். ஜனவரி முதல் வாரம் தறிக்குப் போகிறவர்களோடு இன்ஸ்பெக்டரும் சேலை கட்டி நடந்தார். நான்காம் நாள் பைக்கில் வந்தவன் பிடிபட்டான். கோர்ட் வழியாகக் கந்தம்மாளுக்குக் கொடி திரும்பியது.

கேமரா கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். "நாப்பத்து மூணும் எந்தெந்தத் தெருன்னு போடுங்க. குறைச்சுப் போடாதீங்க."

போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நகல் கட்டின் மேலேயே இருக்கிறது.